மாப்பிள்ளை இல்லாத கலியாணத்துக்கு வீடு கிடையாது!

போன கிழமை வீடு மாறினோம். வண்டிக்காரன் அம்மியைத் தூக்கி என் புத்தகப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். 'சட்டம் படிச்ச நீங்களே வீட்ட விட்டு எழும்பிட்டீங்களே ஐயா?' என்று கேட்டான் பாருங்கள்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். குண்டுக்குப் பயந்து எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்ததில், மட்டக்களப்புப் பட்டினத்தில் கோழிக்கூடு காலியாக இருந்தாலும் வாடகை கேட்கிறார்கள். நல்லகாலம், இந்த உலக யுத்தத்தோடு வாடகைச் சட்டமும் வந்தது. ஒழுங்காக வாடகை கொடுக்கிறவனை வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது. தன் குடும்பத்துக்கே வீடு தேவையென்று நீதிமன்றத்தில் காட்டவேண்டும். எனக்கு இது போதாதா? கந்தோரில் சாதாரண கிளாக்கர் — வீட்டில் சட்டம் பேசும் அப்புக்காத்து!

எங்கள் வீட்டுக்காரர் பழுகாமத்துப் போடியார். வயல் நிறைய உண்டு; பட்டினத்தில் இந்த ஒரு வீடுதான். ஒருநாள் வந்து, தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"கிளாக்கர் தம்பி, வீடு வேணும். மகளுக்குக் கலியாணம்."

"சந்தோசம் போடியார். மாப்பிள்ள ஆரு?"

"இனித்தான் பாக்கணும்."

"மாப்பிள்ள இல்லாத கலியாணத்துக்கு வீடு விட ஒண்ணா. சட்டம் அப்பிடி!"

மனிதர் வந்த வழியே போய்விட்டார். எங்கள் பகுதி வழக்கம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீடு இல்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். மாப்பிள்ளை வந்தால்தான் நான் எழும்புவேன். நான் எழும்பினால்தான் மாப்பிள்ளை வருவார். இந்த இழுபறியில் அந்தப் பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. நானோ நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியில் போடியார் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நாங்கள் குடியிருக்கும்போதே, செங்கலடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வீடு பார்க்கக் கூட்டிவந்துவிட்டார்!

வந்தவர்களுக்குத் தலைவி மாப்பிள்ளையின் பெரியம்மா. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். எங்கள் சோற்றுப்பானையையும் திறந்து பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"குடியிரிக்கிற நீங்க சொல்லுங்க மனே. வீடு எப்பிடி?"

போடியார் என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் 'நல்ல வீடு' என்றால் நானும் மனைவி மக்களும் தெருவில்! எனக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"கோடையில கிணத்துத் தண்ணி உவர்க்கும். மழைக்கு ஓடு ஒழுகும். மாரி கடுத்தா வாவித் தண்ணி குசினிக்குள்ள வரும்" என்றேன்.

என் மனைவி பூரணம் உள்ளேயிருந்து, "நுளம்புக் கடியையும் சொல்லுங்க!" என்றாள்.

பெரியம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். போடியாரின் முகம் செத்துவிட்டது. 'வீடு தப்பியது' என்று நான் மூச்சு விட்டேன்.

"எவ்வளவு காலமா இரிக்கிறீங்க?"

"யுத்தத்துக்கு முந்தியே வந்திட்டம்."

"எழும்பச் சொல்லல்லையா?"

"சொன்னார். கோட்டுக்கு ஏறினாலும் அசைய மாட்டன் எண்டு சொல்லிட்டன்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது.

"தண்ணி உவராம், ஓடு ஒழுகுமாம், நுளம்பாம்... ஆனா எழும்பச் சொன்னாக் கோட்டுக்கு ஏறுவாராம்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போடியார், வீடு நல்ல வீடுதான். நாள் பாருங்க."

என்னுடைய கேஸில் நானே எதிர்க்கட்சிச் சாட்சி! அப்போதும் விடவில்லை. நீதிமன்றத்தில் தவணைக்கு மேல் தவணை வாங்கிக் கலியாணத்தை ஒரு வருடம் இழுக்கலாம் என்று பூரணத்திடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நமக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கு. கந்தோருக்கு எட்டாத தூரத்தில, மாங்கேணில கிடக்கிற நம்மட வீட்டுக்குள்ள உங்களப் போல ஒரு கிளாக்கர் புகுந்திட்டா என்ன செய்வீங்க?"

உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வீட்டை விடுகிறேன் என்று போடியாருக்குச் சொல்லியனுப்பினேன். கலியாணம் அடுத்த மாதம். முதல் அழைப்பு எங்களுக்குத்தான்.

அதன்பிறகுதான் வீடு தேடும் படலம். புது வீட்டில் கிணற்றை நான் பார்க்கப் போனேன். பூரணம் கிணற்றையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரிடம் நேரே கேட்டாள்: "ஐயா, உங்களுக்குப் பொம்புளப் புள்ள எத்தின?"

"ஒண்டும் இல்ல புள்ள. மூணும் ஆம்புளப் புள்ளதான்."

அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டோம். மூன்று பேருக்கும் கலியாண வயதாம்... ஊரில் எந்த மூன்று கிளாக்கர்மார் பெட்டி கட்டப்போகிறார்களோ!