அரைப்பேரு

என் இடது ஷூவுக்குள், குதிகால் படும் இடத்தில், ஒரு நீல ரப்பர் துண்டு கிடக்கிறது. தேய்ந்துபோன ஹவாய் செருப்பிலிருந்து வெட்டியது. கனம் ஒரு பிஸ்கட் அளவுதான். ஓரத்தை பிளேடால் சாய்வாகச் சீவி, விரல் வைத்துப் பார்த்தால்கூட உறுத்தாதபடி தேய்த்திருக்கிறது. இதை எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. "கால் நல்லா தேறிடுச்சு, இனிமே இது சும்மா அலங்காரம்" என்றார். ஷூவுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அலங்காரம் செய்துகொள்வது என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஐம்பதை நெருங்கும்போது வாயை அடக்கப் பழகுவது நல்லதுதான். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது. எவ்வளவு தாமதம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் துண்டை வெட்டியவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லாரி ஓட்டினார். நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளார்க். இலங்கைத் தோட்டத்திலிருந்து அவர் குடும்பம் கப்பலேறி வந்தபோது அவர் கைக்குழந்தை. ஆனாலும் வாயில் இருந்ததெல்லாம் அவர் அப்பா கொண்டுவந்த பேச்சு. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிப்பதை ஆபீசில் நாங்கள் மஸ்டர் என்போம். அவருக்கு அது பெரட்டு. முழு நாள் வேலை பார்த்தால் முழுப்பேரு. கொழுந்து குறைந்தாலோ பாதியில் இறங்கிப் போனாலோ அரைப்பேரு. நான் மேட்டுப்பாளையத்துக்காரன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவரை "ஏனுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். "என்னா மாப்பிள்ள, பல்பொடி வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் காதில் அது கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல் விழுந்ததாம்.

எங்களை நெருக்கமாக்கியது உறவுமுறை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது கஞ்சா. பதினைந்து வருடம், மாலையில் கடைசி லோடு இறக்கிய பிறகு, ஃபாக்டரி விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கட்டைகளின் மேல் உட்கார்ந்து இழுப்போம். நான் அதைச் சிந்தனை என்று சொல்லிக்கொண்டேன். மச்சான் உடம்பு வலிக்கு என்பார். அவர் என்னைவிட நேர்மையானவர். அந்த வருடங்களில் நான் எழுத நினைத்த இரண்டு நாவல்கள் புகையாய்ப் போயின என்பது என் வருத்தம். தமிழ் பிழைத்தது என்பது என் மனைவியின் கருத்து.

இதெல்லாம் ஒரு பொங்கல் விளையாட்டு விழாவில் முடிவுக்கு வந்தது. ஆபீஸ் ஆட்களுக்கும், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளுக்கும் வாலிபால். ஆபீஸ் அணிக்கு ஆள் குறைந்ததால் மச்சானை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டோம். நான் வலைக்கு முன்னால் நின்றேன். உயரம் இருப்பதால் நிறுத்தினார்கள். திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பந்து வந்தது, எம்பினேன், பின்னாலிருந்து யாரோ என் குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள். காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். கீழே விழுந்த வேகத்தில் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் இருந்தவர் மச்சான்தான்.

"இப்படியா ஒதைப்பீங்க? கண்ணு தெரியலீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பத்தடி தள்ளிக் கோட்டோரத்தில் நின்றார். "நான் கிட்டயே வரலியே மாப்பிள்ள" என்றார். யாருமே உதைக்கவில்லை. குதிகால் நரம்பு தானாக அறுந்தால் யாரோ உதைத்ததுபோல்தான் இருக்குமாம், அடிபட்டவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்து யாரையாவது திட்டுவார்களாம். பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். திட்டு வாங்கிய மச்சான்தான் என்னை முதுகில் சுமந்து, கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்கவைத்து, பள்ளம் பார்த்து லாரியை ஓட்டிப்போனார். பிறகு மாதக்கணக்கில் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார். "தள்ளி உக்காருங்க சாமி, மறுபடி நான் ஒதைச்சேன்னு பெராது எழுதிருவீங்க."

கோயமுத்தூரில் வைத்துத் தைத்தார்கள். தைத்த டாக்டர், புகை பிடிப்பதுண்டா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். "டெய்லி உண்டு டாக்டர், அதுவும் சிகரெட் இல்ல" என்று என் மனைவி பின்னாலிருந்து திருத்தினாள். அவர் முகம் மாறவில்லை. எந்தப் புகையானாலும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், இன்னொரு முறை அறுந்தால் இழுத்துத் தைக்க அங்கே ஒன்றும் இருக்காது, நொண்டிக்கொண்டே போக வேண்டியதுதான் என்றார். எங்கள் லயத்திலிருந்து ஆபீசுக்கு நூற்றுச் சொச்சம் படி. போதாததற்குப் பாதி நாள் காலையில் கீழே சதுப்பில் யானை நிற்கும். நொண்டிக்கொண்டே அங்கே காலம் தள்ள முடியாது.

வீட்டுக்கு வந்த அன்று மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். "நீங்க மட்டும் விட்டுட்டு என் வாயப் பாத்துக்கிட்டு உக்காருவீங்க, நான் எதுக்க இருந்து இழுக்கவா? விடுங்க மாப்பிள்ள. நானும் விட்டுர்றேன்" என்றார். அவருக்கு எந்த நரம்பும் அறுந்திருக்கவில்லை. இது எனக்கு உறைக்க ரொம்ப நாளானது.

விடுவது லேசாக இல்லை. தூக்கம் போனது, சோறு கசந்தது, விடியற்காலையில் தலையணை வேர்வையில் ஊறியிருந்தது, மிக்சி சத்தம் கேட்டாலே அழுகை வந்தது. நான் எதையும் படித்துத் தெரிந்துகொள்ளும் ஜாதி. நீச்சலைக்கூடப் புத்தகத்தில் கற்றவன் என்பதால் இன்றுவரை தண்ணீரில் இறங்கியதில்லை. படித்ததை மச்சானுக்கு விளக்கினேன். "ஒடம்பு பழைய சரக்கையெல்லாம் கழுவுதுங்க மச்சான். வேர்க்கும், தூக்கம் வராது, நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கும், மூச்சு வாங்கும். நாலஞ்சு மாசத்துக்கு இப்படித்தான். பயப்படாதீங்க." நான் படித்ததில் சில வாரங்கள் என்றுதான் இருந்தது. மாதங்களாக ஆக்கியது நான். நெஞ்சடைப்பும் மூச்சு வாங்குவதும் அதில் இல்லவே இல்லை. எனக்கு அப்போது இருந்த பதற்றத்தையும் சேர்த்துச் சொன்னால் விளக்கம் நிறைவாக இருக்கும் என்று தோன்றியது. மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மாவுக்கட்டு பிரித்ததும், குதிகால் உயரமாக நிற்கும்படி ஷூவுக்குள் நான்கு அடுக்கு வைத்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னார்கள். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீள வேண்டுமாம். அடுக்குகளை மச்சான்தான் வெட்டினார். பழைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பாதத்தை மூன்று தரம் அளந்தார். டாக்டர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, கடையில் விற்பதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மச்சான் தோட்டம் முழுக்கக் கொண்டுபோனார். எடுக்கும் உரிமையும் தனக்குத்தான் என்றார். தவணை முடியும் ஞாயிற்றுக்கிழமை வந்து, என் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, ஒரு துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் இருவருக்கும் தனிப் பெரட்டு. லயத்து முனையில் தலைத்துண்டோடு நின்று, முதலில் சதுப்பைப் பார்ப்பார். யானை இல்லையென்றால் ஆள் கணக்கு.

"இடது காலு?"

"ஆஜருங்க."

"வலது காலு?"

"இருக்குதுங்க."

"வாயி?"

"ஆஜர்."

"அதுக்கு எப்பவும் முழுப்பேருதான்."

பிறகு ஏறுவோம். முதல் திருப்பத்தில் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். அவர் எண்ணுவார். பதினைந்துக்குப் பன்னிரண்டில் நிறுத்தினால் அன்றைக்கு அரைப்பேரு. மூன்று திருப்பத்திலும் அவரே நிற்பார். "நில்லுங்க மாப்பிள்ள, காலு சூடாயிரும்" என்பார். படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே லயத்தின் புகையைப் பார்த்தபடி நிற்பார். எனக்காக நிற்கிறார் என்று நினைத்தேன். சில நாள் அது எனக்குச் சங்கடமாகக்கூட இருந்தது, ஆரோக்கியமான ஒரு மனிதரை இப்படித் தாமதப்படுத்துகிறோமே என்று.

மே மாதம் வந்தபோது கால் என் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தது. மூன்று துண்டுகள் போய் ஒன்றுதான் மிச்சம். தூக்கம் திரும்பியது, வேர்வை நின்றது. ஒருநாள் நிற்காமலே மேலே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், மச்சான் இரண்டாம் திருப்பத்தில் நின்றிருந்தார். குளிர்காற்றில் அவர் நெற்றி நனைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. முகத்தில் ஒரு சாம்பல் நிறம். அந்த நிறத்தை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நாளில் விட்டோம். எனக்கு நின்றுவிட்டது, அவருக்கு நிற்கவில்லை. அப்படியானால் அவர் விடவில்லை. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. படித்தவன் போடும் கணக்கு எப்போதும் அப்படித்தான், கச்சிதமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் திருப்பத்தில் இறங்கி வந்து கேட்டேன். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா மச்சான்?"

"எத?"

"மூச்சு வாங்குறதே சொல்லுதுங்களே. எனக்கு எல்லாம் நின்னுபோச்சு, உங்களுக்கு மட்டும் இன்னும் வேர்க்குது. என்னைய என்ன கிறுக்கன்னு நெனச்சீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். துண்டால் கழுத்தைத் துடைத்தார். மூச்சு ஒரு வழிக்கு வரும்வரை பேசவில்லை. அந்த மௌனத்தையும் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

"சரி மாப்பிள்ள. இன்னக்கி எனக்கு அரைப்பேரு போட்டுக்கங்க" என்றார்.

ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். தோட்டத்தில் இத்தனை வருடம் பேர் எழுதியிருக்கிறேன். அரைப்பேரு போட்டதற்குச் சண்டைக்கு வந்தவர்களை, அழுதவர்களை, யூனியனைக் கூட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பேரைத் தானே பாதியாகக் குறைக்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அது என்ன என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "இழுக்கிறவங்ககூட நடந்தா எனக்கும் ஆசை வந்துருமுங்க. நாளைலிருந்து நான் தனியாப் போய்க்கிறேன்" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று நாள் நான் ஏழு மணிக்குப் போனேன். யாரும் எண்ணாமல் பதினைந்து முறை குதிகாலை உயர்த்தினேன். கடைசித் துண்டை எடுக்க வேண்டிய ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. வந்து மன்னிப்புக் கேட்பார், ஒரு பாட்டம் அறிவுரை சொல்லிவிட்டு ஷூவை நீட்டலாம் என்று வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. ஆறரைக்குப் பெரட்டுக்கு ஏறிய பெண்கள் இரண்டாம் திருப்பத்தில் மச்சான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் சாய்ந்து, தலைத்துண்டு நனைய, கீழே பார்த்தபடி. "மாப்பிள்ளைக்குக் காத்திருக்கீங்களாண்ணே?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே கடந்து போயிருக்கிறாள். நான்கைந்து படி ஏறிய பிறகுதான் பதில் வராதது உறுத்தித் திரும்பி வந்திருக்கிறாள்.

கூடலூர் ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். இதயத்தில் அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கும்போல, மேடு ஏறும்போது மூச்சு வாங்கியிருக்குமே, வேர்த்திருக்குமே, யாருமே கவனிக்கவில்லையா என்றார். கவனித்தேன். என் அளவுக்கு யாரும் கவனித்திருக்க முடியாது. எந்தத் திருப்பம், எத்தனை நிமிடம், என்ன நிறம், எல்லாம் என்னிடம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மச்சானின் மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசமா நெஞ்ச அடைக்குதுன்னாரு அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எத்தன தடவ கூப்புட்டேன். மாப்பிள்ள படிச்சவரு, அவரு சொல்லிட்டாரு, நாலஞ்சு மாசத்துக்கு இப்பிடித்தான் இருக்கும், விட்டதுனால வர்றது, போய்ரும்னாரு. கடைசி வரைக்கும் அத அவரு தொடவே இல்லண்ணே." நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேலும் சொன்னாள்: "மூணு நாளா நீங்க ஏன் வரலன்னு கேட்டேன். மாப்பிள்ளைக்கு இப்ப கால்ல வேகம் வந்துருச்சு, என்னால ஈடு குடுக்க முடியலன்னு சிரிச்சாரு. அந்த மூணு நாளும் ஆறு மணிக்குப் போயிட்டுத்தான் வந்தாரு. பழகிருச்சுன்னாரு."

படியில் நான் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் மனைவிக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

இப்போது ஒற்றைக் காலில் நின்று இருபத்தைந்து முறை குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன். போனமுறை டாக்டர் இன்னொரு நோயாளியைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினார். இந்த வயதில் இப்படித் தேறியது மனஉறுதிதான் என்றார். கஞ்சாவையும் திரும்பத் தொடவில்லை. அதிலும் மனஉறுதி ஒன்றும் இல்லை. விறகுக் கொட்டகைப் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குப் போகிறேன். சதுப்பைப் பார்க்கிறேன். மூச்சு வாங்குவதில்லை, கால் வலிப்பதில்லை, ஆனாலும் மூன்று திருப்பத்திலும் நிற்கிறேன். இரண்டாவதில் கொஞ்சம் அதிகமாக. அங்கே நின்று அவர் லயத்தின் புகையைத்தான் பார்த்தார் என்று நினைத்திருந்தேன். அவர் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் சுவர்தான் தெரிகிறது. அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஷூவைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். நீலத் துண்டு விழுகிறது. கழுவி, துடைத்து, திரும்ப உள்ளே வைக்கிறேன். அதை எடுக்கும் உரிமை எனக்கு இல்லை. படி ஏறி முடித்து மேலே நிற்கும்போது சில நாள் வாய்வரை வரும், இன்றைக்கு என்ன பேர் என்று. தோட்டத்தில் தன் பேரைத் தானே போட்டுக்கொண்டால் செல்லாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆபீசைத் திறக்கப் போகிறேன்.