முப்பத்திரண்டு டிகிரிப் பல்லி

என்னோடு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்த்த தோழி, பெங்களூருக்கு மாறிப் போகும்போது தன் பல்லியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சுவரில் ஓடும் பல்லி இல்லை. லெப்பர்ட் கெக்கோ என்று ஒரு வகை. மஞ்சள் தோலில் சிறுத்தையைப் போலக் கரும்புள்ளிகள், முள்ளங்கி மாதிரி தடித்த வால். கண்ணாடித் தொட்டியும் ஒரு சிவப்பு பல்பும் கூடவே வந்தன.

"பல்ப மட்டும் அணைச்சுராத. சூடு இருந்தாப் போதும், அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள்.

நல்லூரில் நானும் கணவரும் மாமனாரும் மட்டும்தான். கணவர் காலையிலேயே, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும், துணி பின்னும் தன் நிட்டிங் யூனிட்டுக்குப் போய்விடுவார். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் மாமனார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"ஏங்கண்ணு, ஊட்டுல ஓடற பல்லியவே வெளக்கமாத்தால வெரட்டறோம். நீ காசு கட்டற கரண்டுல பல்லிக்கு லைட் போடறயா?"

"இது செவுத்துல ஏறாதுங்க மாமா. கால்ல ஒட்டற பசை இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேல வந்து விழுகாது?"

"விழுகாதுங்க."

"செரி, பலன் பாக்கற வேலை இல்ல. இருந்துட்டுப் போகட்டும்."

ஆனால் அது சரியாக இருக்கவில்லை. சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்ததால் குகை மாதிரி வைத்திருந்த சட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. புழு போட்டால் தலையைத் திருப்பிக்கொண்டது. மார்கழிக் குளிர்தான் காரணம் என்று நினைத்து, தொட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டுப் பாய் ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஒட்டினேன். மறுநாளிலிருந்து அது சட்டியையும் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பத்து நாளில் வால் மெலிந்து சுருங்கியது. ஊருக்குப் போன தோழிக்கு என்ன பதில் சொல்வேன்?

மதிய இடைவேளையில் இதைப் புலம்பியபோது, எங்கள் கம்பெனியில் பனியன் கழுத்தில் சூடு வைத்து லேபிள் ஒட்டும் மெஷின்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"தரையில எத்தன டிகிரி இருக்குன்னு அளந்து பாத்தியளாம்மா?"

"இல்லீங்கண்ணா. கை வெச்சுப் பாத்தேன், எதமாத்தான் இருந்துச்சு."

"கைய நம்பி நா ஒரு லேபிள் கூட ஒட்ட மாட்டேன். நீங்க ஒரு உயிர வச்சிருக்கிய!"

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். மெஷின் தகட்டை அளக்கிற, துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்தும் தெர்மாமீட்டரையும் கொண்டுவந்திருந்தார். பாய்க்கு நேர்மேலே நீட்டினார். நாற்பத்து நான்கு. மறுபக்கம் இருபத்தொன்று.

"ஒரு பக்கம் தோசக்கல்லு, ஒரு பக்கம் ஊட்டி. பாவம், இது எங்கதாம்மா போவும்?"

எனக்கு வெட்கமாகப் போனது. நாள் முழுக்கத் துணியில் ஒரு ஷேடு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள், தொட்டியில் இருந்த இருபத்து மூன்று டிகிரி வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து படித்தேன். இந்த வகைக்கு வயிற்றுப் பக்கம் வெதுவெதுப்பு வேண்டும். சூடான மூலை முப்பத்திரண்டு டிகிரி, மறுமூலை இருபத்தைந்துக்குள் இருந்தால் தனக்கு வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். பகலில் மெல்லிய வெளிச்சம் போதும், இரவில் இருட்டு வேண்டும். சிவப்பு பல்பைக் கழற்றினேன். பாய்க்கு, வைத்த சூட்டைத் தாண்டினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கினேன். மெஷின்காரரே வந்து அதன் சென்சாரைச் சூடான மூலையில் பொருத்தி, மேலே ஒரு டைல்ஸ் துண்டை வைத்துக் கொடுத்தார். நான்காம் நாள் பொழுது சாயும்போது சட்டியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. புழுவை நீட்டினேன். பிட்டத்தைத் தாழ்த்தி, வால் நுனியை ஆட்டி, ஒரே கவ்வு! நான் போட்ட சத்தத்தில் மாமனார் பதறி எழுந்து வந்தார்.

அதற்குப் பின் ஒரு நாள் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தம். மழைத் தூறல் வேறு. பதினொரு மணிக்கு மாமனார் போன் செய்தார்.

"கண்ணு, உம்பட பல்லி கல்லாட்டக் கெடக்குது. முப்பத்திரண்டு வரோணும்னு சொன்னயே, கரண்டு இல்லியே, என்ன பண்ணட்டும்?"

நான் சொன்ன டிகிரிக் கணக்கை அவர் மனதில் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "பயப்படாதீங்க மாமா, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். மனம் கேட்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரைச் சுடவைத்து பாட்டிலில் ஊற்றி, பனியன் வேஸ்ட் துணியை நாலு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். அந்தப் பாட்டிலை ஒட்டி, நான்கு காலையும் பரப்பிக்கொண்டு, கண்களை மூடிப் படுத்திருந்தது பல்லி.

"ஆறிப்போனா மாத்தறேன். இது மூணாவது பாட்டலு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணு, இது எமை மூடித் தூங்குது பாத்தயா? நம்மூட்டுப் பல்லிக்கு எமையே இல்ல."

சாயங்காலம் மின்சாரம் வந்தது. புழு டப்பாவை நான் திறந்தபோது, "அந்த இடுக்கியக் கொஞ்சம் இங்க குடு" என்று கையை நீட்டினார். அவர் பிடித்த பிடியில் புழு அங்குமிங்கும் ஆடியது. பல்லிக்கு அந்த ஆட்டம் பிடித்துவிட்டது. பாய்ந்து கவ்வியதும் இடுக்கியை அப்படியே கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.