பாட்டுப் பெட்டிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

போன மாதம் சுருளிப்பட்டியை விட்டுத் தேனிக்கு வீடு மாறினோம். எனக்கு அங்கே பஞ்சுப் பேட்டையில் வேலை. சட்டி பானை, ஆட்டுரல், சாமி படம் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. கிராமபோன் பெட்டி மட்டும் வாசலிலேயே இருந்தது.

பக்கத்தில் என் வீட்டுக்காரி. வழியை மறித்துக்கொண்டு!

"இது வேணாங்க."

அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலம் மலையிலிருந்து பனி இறங்கி வரும். விளக்கேற்றிவிட்டுச் சாவி கொடுப்பேன். பாட்டுக்கு முந்தி ஊசி 'உஸ்ஸ்' என்று ஓடும் பாருங்கள்... தூரத்தில் அருவி விழுகிற மாதிரி. அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு முருகன் பாட்டு எழுந்து வரும். கண்ணை மூடினால் இது வீடா, மலையா, மேகமா என்றே தெரியாது. எனக்குப் படிப்பு குறைச்சல். ஸ்தோத்திரம் ஒன்றும் வராது. எனக்காகச் சாமியிடம் பேசியது அந்தப் பெட்டிதான்.

அதை எப்படி விட்டுவிட்டு வருவது?

அவள் பக்கமும் காரணம் இருந்தது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். அவர் காலமான அன்று, அவர் மகன் வந்து கேட்டாரே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவரை எடுக்கிறவரை பாட வைத்தேன்.

"எழவு வீட்டுல பாடுன பெட்டி, பால் காய்ச்சப் போற வீட்டுக்குள்ள வரலாமா? நம்ம மக பிரசவத்துக்கு வரப் போறா. ஏற்கெனவே ரெண்டு தங்காமப் போனது நெனப்பிருக்கா, இல்லையா?"

"முருகன் பாட்டுக்கு ஏது தீட்டு?"

"பாட்டுக்கு இல்ல. பெட்டிக்கு!"

வண்டிக்காரர் கொட்டாவி விட்டார். "வீரபாண்டி வழியாத்தான போறோம், ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்றேன். பெட்டி வண்டியில் ஏறியது — அதுவரைக்கும் மட்டும்.

வீரபாண்டியில் ஆற்றில் கால் நனைத்துவிட்டுக் கௌமாரியம்மன் முன்னால் நின்றோம். பூக்கட்டிப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, இன்ன பூ வந்தால் இன்னது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார்.

பிரித்தார். வெள்ளை!

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவளும் கண்ணைத் துடைக்கிறாள். அடடா, மனசார ஒப்புக்கொண்டாளே!

"பாத்தியா, ஆத்தா கொண்டு போகச் சொல்லிட்டா."

"என்னது? வெள்ளை வந்தா விட்டுட்டுப் போறதுன்னுல்ல நான் நெனச்சேன்!"

பூசாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன்யா, புருசனும் பொஞ்சாதியும் பேசி வச்சுக்கிட்டு வரமாட்டீகளா?"

"இன்னொரு தடவ போட்டுப் பாப்பமா?" என்றேன்.

"ஆத்தா என்ன செவிடா? கேட்டதையே திருப்பிக் கேக்கக் கூடாதுய்யா."

அவளிடம் மெல்லக் கேட்டேன்: "நீ என்னன்னுதான் கும்பிட்ட?"

"பெட்டிய விட்டுட்டுப் போறேன், பிள்ளையக் குடுன்னு கேட்டேன்."

நான் எனக்காகக் கேட்டிருந்தேன். அவள் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் வழக்கு உண்டா? பெட்டியைப் பூசாரி கையில் கொடுத்தேன். கோயில் மடப்பள்ளியில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டார். வண்டி ரோட்டில் ஏறிய பிறகும் என் காதுக்குள் அந்த ஊசி ஓடிக்கொண்டே இருந்தது...

தேனி வீட்டில் பால் நன்றாகப் பொங்கியது. மகளும் வந்துவிட்டாள். நிறைமாதம். விடியற்காலையில் விளக்கேற்றி, இப்போது நானே அந்தப் பாட்டைப் பாடுகிறேன். பாடலாம் அல்லவா? சாமிக்குக் குரலா முக்கியம்?

சாமிக்கு இல்லை. வீட்டுக்காரிக்கு முக்கியம்.

"பிள்ள நல்லபடியாப் பெறந்து, தலைக்குத் தண்ணி ஊத்தட்டும். மறுநாளே போயி அந்தப் பெட்டிய எடுத்தாந்துருங்க. ஆத்தா காலடியில கெடந்துட்டு வர்றதுக்கு என்ன தீட்டு?" என்கிறாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஆத்தா இரண்டு பேருக்கும்தான் சரி சொல்லியிருக்கிறாள் போல — முதலில் அவளுக்கு, அப்புறம் எனக்கு.