பாட்டு இல்லாத சனிக்கிழமை

மலேசியாவில் கெடா மாநிலத்துக்கு வந்த முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அறையில் கூட இருந்தவன் காலால் தட்டி எழுப்பினான். இந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறன்று பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸும் உண்டு. இத்தனை வருடம் ஆகியும் என் உடம்பு இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தப்பான கிழமைக்குள் ஏறிவிட்டதைப்போல இருக்கிறது. ஊரிலிருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னபோது, "ஞாயித்துக்கிழமையைக்கூடப் புடுங்கிக்கிட்டானுங்களா?" என்றார். யாரும் புடுங்கவில்லை. நானே விட்டுவிட்டு வந்ததில் அதுவும் ஒன்று.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் அழுதுகொண்டு எழுத வேண்டும் என்று ஊரில் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் அது கிடைக்காது. எட்டாவதோடு படிப்பை விட்டேன். திருப்பூரில் துணி மடித்தேன், சவூதியில் கம்பி வளைத்தேன், பிறகு அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில் மெர்கோங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பரோட்டா போட்டேன். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. கடை மாடியில் ஒரு கூட்டம் எழுந்த பாயில் இன்னொரு கூட்டம் படுக்கும். அது அப்படித்தான். அந்தக் கடைக்குத் தேநீர் குடிக்க வந்துபோன செலினைக் கல்யாணம் செய்துகொள்ள, வேலை பர்மிட்டில் இருப்பவனுக்கு அதற்கு அனுமதி இல்லை என்பதால், பர்மிட்டை முடித்து ஊருக்குத் திரும்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி மறுபடி வந்தேன். இன்றும் விசாவைப் புதுப்பித்துத்தான் இங்கே இருக்கிறேன். 'எப்போது திரும்பப் போகிறாய்?' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாகிறது.

செலினின் அப்பா சவரிமுத்து. எனக்கு மாமா. சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்து, பிறகு லாரி ஓட்டியவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் காலியானதும், பக்கத்தில் வரிசை வீடுகள் கட்டிய தாமானுக்குக் குடிவந்தார். கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழு அவர் கையில் இருந்தது. நான் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளை, ஞானஸ்நானம் வாங்கவில்லை. பெண் கேட்கப் போனபோது அதைப் பற்றித்தான் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். "பாடத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சந்தோஷம் மாப்ள. குழுவுல பாடத் தெரியாதவன் ஏற்கனவே நெறைய. நீயாவது வாயை மூடிக்கிட்டு இருப்பே" என்றார். அதோடு சம்பந்தம் முடிந்தது.

அவருடைய பக்தி கையும் காலும் உள்ள பக்தி. பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். சிறுநீரகம் கெட்டவர்களை வாரத்துக்கு மூன்று தடவை சுங்கை பட்டாணிக்கு ஏற்றிப்போய், ரத்தம் சுத்திகரித்து முடியும்வரை காத்திருந்து, வீடு சேர்ப்பார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதில் இருப்பார்கள். வேனில் ஏறினால் பாட வேண்டும். சுருதி தப்பினால் ஸ்டீரிங்கில் பட்டென்று அடிப்பார். "ரத்தம் சுத்தம் பண்ணத்தானே போறீங்க? தொண்டையையும் சேத்துப் பண்ணிக்குங்கலா!" என்று இந்த ஊர் 'லா'வோடு சொல்வார். சாவு வீடு என்றால் மதம் பார்க்க மாட்டார். ஆர்மோனியத்தோடு போய் உட்கார்ந்து விடியும்வரை பாடுவார். தோட்டத்தில் கோயில் பாட்டு, பஜனைப் பாட்டு இரண்டையும் ஒரே ஆர்மோனியத்தில் வாசித்தவர் அவர் ஒருவர்தான். பாதர் ஒருமுறை முகம் சுளித்தபோது, "துருத்திக்கு எந்தக் காத்துன்னு தெரியாது பாதர்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கல். ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன் இரவு தொடங்கி சனி இரவு உயிர்ப்புத் திருப்பலியில் மணி அடிக்கும்வரை கோயிலில் வாத்தியம் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த நாட்களில் யாரையாவது அடக்கம் செய்தால் பாட்டும் கிடையாது. மாமா ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்படி ஒரு நாளில் ஒரு குடும்பம், ஒரே ஒரு பாட்டு என்று அவரிடம் கெஞ்சியதை நானே பார்த்தேன். "ஆண்டவரே பேச்சுமூச்சு இல்லாம கெடக்கிற நாளு. நீங்க யாரு, நான் யாரு?" என்று சொல்லிவிட்டார். பிறகு பிணத்தைக் குளிப்பாட்டியதிலிருந்து குழிக்கு மண் தள்ளியதுவரை எல்லாவற்றுக்கும் அவரே நின்றார். பாடவில்லை.

போன வருடம் பெரிய வியாழன் சாயங்காலம், கடைசி நோயாளியை இறக்கிவிட்டு வந்து, வேனை நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நாள் அப்படி அமைந்துவிட்டது. ஊரில் அத்தனை சாவுக்கும் பாடிய மனிதருக்குப் பாட்டு இல்லை. செலின் திங்கட்கிழமைவரை உடலை வைத்திருந்து, பாட்டோடு எடுக்கலாம் என்றாள். கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கிய அவள் அண்ணன் அந்தோணி, "பொணத்தைப் போட்டு வைக்கிறது அப்பாவுக்கே ஆவாது. சனிக்கிழமை காலையில எடுப்போம். அவர் காப்பாத்துன சட்டத்தை நாமளே ஒடைக்கணுமா?" என்றார். அவரும் மோசமானவர் அல்ல. அப்பாவை அப்படியே காப்பாற்ற நினைத்தார். செலின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டு, மரியாதை உண்டு. முடிவெடுக்கும்போது மட்டும் நான் ஊர்க்காரன், இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இங்கே அதுதான் பெயர்.

எங்கள் தாமானில் எல்லா வீடும் ஒரே மாதிரி. சாவு வீட்டைப் பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை வந்தவர்களில் பாதிப் பேர் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். வேனில் போய்வந்த மாக் சோம் என்ற மலாய் அம்மாவும் தெருவில் இரண்டு தடவை நடந்துவிட்டு என்னிடம் வந்து, ஏன் வீடு இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். என் மலாய் கடைத்தெரு மலாய். "தாக் போலே" என்றேன். கூடாது என்று அர்த்தம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் கூடாது என்றது, தன் மருமகன் நகராண்மைக் கழகத்தில் இருக்கிறான், இப்போதே பேசுகிறேன் என்று போனை எடுத்தார். சிலுவைப் பாதையையும் உயிர்ப்பையும் விளக்க எனக்கு எங்கே மலாய் இருக்கிறது? "துஹான்" என்று வானத்தைக் காட்டினேன். கடவுள். மாக் சோம் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். அப்படியானால் மருமகனால் முடியாது என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே போய் செலினைக் கட்டிக்கொண்டார்.

சனி காலை பெட்டியை மூடப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தோட்டத்து மாரியம்மன் கோயில் உறுமிக் குழு. தலைவர் கோபால் அண்ணன். மாமாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். கறுப்புச் சட்டைப் பையன்கள் உறுமியையும் தப்பையும் இறக்கினார்கள்.

அந்தோணி ஓடி வந்தார். "அண்ணே, இன்னிக்கு ஆவாது. அப்பா சட்டம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தம்பி. எங்கம்மா செத்தது ஒரு பெரிய வெள்ளிக்கெழமைதான். உங்கப்பா வந்தாரு. பாடுங்கன்னோம். 'எனக்குத்தான்டா இன்னிக்குப் பூட்டு, ஒனக்கு என்ன கேடு? அடிடா'ன்னு திட்டினாரு. நான் அழுதுகிட்டே அடிச்சேன்."

"அது உங்க வீட்டுச் சாவு. இது எங்க வீட்டுச் சாவு."

கோபால் அண்ணன் தெருவைக் காட்டினார். "வீடு உங்களது. கோயில் உங்களது. ஜாலான் யாரோடதுலா? உங்க அப்பன் வீட்டு ரோடா?" சொன்ன பிறகுதான் அந்த அப்பன் உள்ளே பெட்டியில் கிடப்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பையன் ஒருவன் சிரித்தான், உடனே அழுதான்.

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். "அடிக்கட்டும் மச்சான்" என்றேன்.

"ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது. நீங்க ஊர்க்காரரு."

"புரியாதுதான். பூட்டு உங்களுக்கு. எனக்கு இல்லை. இவங்களுக்கும் இல்லை. நாங்க கொண்டுபோறோம். நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்க, அது உங்க மரியாதை."

அந்த வீட்டில் நான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். செலின் உள்ளேயிருந்து, "அடிங்க அண்ணே" என்றாள். அவள் குரல் என் குரலைவிடப் பெரிதாக இருந்தது. அந்தோணி பெட்டியின் முன்பக்கத்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

கோயில்வரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோனோம். உறுமி உறுமியது. வழியில் கடைக்காரச் சீனர் கதவைப் பாதி இறக்கினார். இரண்டு கார்கள் ஒதுங்கி நின்றன. நடக்க முடியாத நோயாளிகள் நாலைந்து பேர் யாருடைய காரிலோ பின்னால் வந்தார்கள். கோயில் கேட்டில் பாதர் நின்றிருந்தார். பையன்களைப் பார்த்தார். தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கேட்டுக்குள் உறுமி வராது என்று கோபால் அண்ணனே பையன்களுக்குக் கையைக் காட்டி, அவர்களை ரோட்டில் வட்டமாக நிறுத்தினார். நின்ற இடத்திலிருந்து அடித்தார்கள்.

கால் பக்கம் முதலில் உள்ளே போக வேண்டும் என்பது முறை. அந்தோணி கேட்டைத் தாண்டினார். அவர் பக்கத்தில் மரக்கட்டைச் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டது. நான் தலைப்பக்கம். இன்னும் ரோட்டில் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் கோபால் அண்ணனின் உறுமி. பெட்டி பாதி அவர்களுடைய அமைதியில் இருந்தது, பாதி எங்கள் சத்தத்தில். "நடங்க மாப்ள" என்று முன்னாலிருந்து அந்தோணி சொன்னார். இழுத்தும் பார்த்தார்.

நான் நடக்கவில்லை. மாமாவின் காது என் பக்கம் இருந்தது.