மாமா பிடித்த கேட்ச்

என் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொன்னால் ஆக்லாந்துத் தமிழர்கள் இன்னொரு முறை கேட்பார்கள். பேஸ்பால் கேட்சர். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். அடுத்து என்ன பந்து போடலாம் என்று பந்துவீச்சாளருக்கு விரலால் சைகை காட்ட வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி என்றால்தான் நம் ஆட்களுக்குத் தலையாட்ட வரும். ஆக்லாந்தின் மேற்கே ரானுயியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடி, அதிலிருந்து இதற்குத் தாவி, சம்பளத்துக்கு ஆடும் அளவுக்கு வந்துவிட்டார். சீசன் இல்லாத மாதங்களில் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுவார். நான் மதுரைக்காரி. கல்யாணமான நாளிலிருந்து ஐஸ் பை கட்டிய முட்டிகளுக்குப் பக்கத்தில்தான் எனக்குத் தூக்கம்.

போன கோடையின் கடைசி மேட்ச். அடுத்த சீசனுக்கு ஒரு கேட்சருக்குத்தான் இடம், இவரா புதிதாக வந்த இளசா என்பதை அன்றைய ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதாகக் கோச் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“இன்னும் ஒரு சீசன் கிடைச்சாக் காணும்,” என்றார் இவர், காலையில் என்னிடம் விரல்களை நீட்டிக்கொண்டு. சைகை தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று கேட்சர்கள் நகத்துக்குச் சாயம் பூசுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு என் மஞ்சள் நெயில் பாலிஷ்.

மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் தன் காலேஜுக்கு விக்கெட் கீப்பராக நின்றவர். மகன் கிரிக்கெட்டை விட்டதிலிருந்து ஒரு மேட்சுக்குக்கூட வந்ததில்லை.

“ஆம்பிளைப் பிள்ளைக்கு நகப்பூச்சு வேறையோ,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மாமா, ஒரு தடவை கிரவுண்டுக்கு வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க,” என்றேன்.

“ஓம், வாறன்,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

ரெயிலிங்கை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்தோம். என் மடியில் பாபடோயிட்டோய்ப் பக்கம் இந்தியக் கடையில் வாங்கிய மிக்சர் டப்பா. முதலில் உருளை மட்டையைப் பார்த்துச் சிரித்த மாமா, கொஞ்ச நேரத்தில் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். “பந்தைப் பாஞ்சு பிடிக்கேல்ல, பாத்தியே பிள்ளை. வர விட்டுப் பிடிக்கிறான். நல்ல கை,” என்றார். மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது நாங்கள் இரண்டு ரன் முன்னால் இருந்தோம். எதிரணியில் ஒரு தாடிக்காரன். அவன் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நேராக வானத்துக்கு ஏறி எங்கள் பக்கம் இறங்கியது. இவர் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்தார். பந்து ரெயிலிங்குக்கு இந்தப் பக்கம், எங்கள் தலைக்கு மேலே. இவர் கையை உள்ளே நீட்டிப் பிடித்தால் தாடிக்காரன் அவுட். பார்க்க வந்தவர்கள் பிடித்துவிட்டால் அவன் பிழைத்தான். மாமா எழுந்தார். இரண்டு வெறுங்கைகளையும் குவித்து, மகனின் கையுறைக்கு மேலே, அழகாக ஒரு கேட்ச் பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா? அம்பயரைப் பார்த்து “ஹவ்ஸாட்” என்று வேறு கேட்டார்.

கூட்டம் கைதட்டியது. பேஸ்பாலில், பார்க்க வந்தவர் பிடித்த பந்தை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மாமா கிரிக்கெட் வழக்கப்படி அதை மரியாதையாக மைதானத்துக்குத் திருப்பி எறிந்தார். கூட்டம் சிரித்தது. இவர் முகமூடியைப் பொறுக்கிக்கொண்டு போனார். அடுத்த பந்தையே தாடிக்காரன் மைதானத்துக்கு வெளியே அடித்தான். கிரிக்கெட் மாதிரி ஆறு இல்லை, இதில் அதற்கு ஒரு ரன். இப்போது ஒரே ரன்தான் வித்தியாசம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். “மாமா, அது உங்க மகன் பிடிக்க வந்த பந்து. நீங்க பிடிச்சா அவுட் கிடையாது,” என்றேன். கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன்.

அவர் முகம் செத்துவிட்டது. “அவன்ர பிடியை நானே கெடுத்துப்போட்டனோ,” என்றார். அப்புறம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மிக்சருக்குக்கூட அவற்றை வெளியே எடுக்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ். இன்னும் ஒரு அவுட் எடுத்தால் ஜெயம். எதிரணி ஆள் ஒருவன் மூன்றாவது பேஸில் ஓடத் தயாராக நிற்கிறான்; அவன் ஓடிவந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். மட்டை பிடிக்க வந்தவன் அதே தாடிக்காரன். இவர் மஞ்சள் விரலைக் காட்டினார், பந்து வந்தது, மட்டையில் உரசி மறுபடியும் வானத்துக்கு ஏறியது. மறுபடியும் எங்கள் பக்கம்தான்.

பின் வரிசைகளிலிருந்து ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். மாமாவும் எழுந்தார். ஐயோ, போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்து, வந்த கூட்டத்தை அப்படியே மறித்து நின்றார். “கீப்பர்ஸ் பால், கீப்பர்ஸ் பால்,” என்று தொண்டை கிழியக் கத்தினார். பந்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

இவர் ரெயிலிங்கில் வயிறு இடிக்கப் பாய்ந்து, கையை நீட்டி, எங்கள் காலடியில் தலைகுப்புற விழுந்தார். மிக்சர் முழுக்க அவர் முதுகில். கையுறை மட்டும் மேலே நின்றது. உள்ளே பந்து. அம்பயர் கையைத் தூக்கினார். நான் எழுந்து குதித்தேன். பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன்.

கோச் ஓடிவந்து ரெயிலிங்குக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “எழுந்திரு, கிழவா. அடுத்த வருஷமும் அந்த முட்டிகள் எனக்கு வேணும்,” என்றார் ஆங்கிலத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் எழுந்து பந்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். மாமா பழக்கதோஷத்தில் அதை மைதானத்துக்கு எறியக் கையை ஓங்கினார். இவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “வச்சிருங்கோ அப்பா. இஞ்ச பந்தைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்ல.”

“நானோ பிடிச்சனான்? நீயெல்லோ பிடிச்சனி,” என்றார் மாமா.

ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் பந்தை அவர் கையிலிருந்து விடவில்லை.