அம்மித்தின் பங்கு

நாய்க்கென்று ஒதுக்கிய இதயங்களை நான் மனிதர்களுக்கு உண்ணக் கொடுத்தேன். யாரோ எவரோ அல்ல, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் என்னோடு ஒரே வாங்கில் முழந்தாளிட்ட என் சனத்துக்கு! பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் படிப்பித்த நான், நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து, விரி என்ற புறநகரில் நாய்த்தீனி செய்யும் தொழிற்சாலையொன்றில் தொட்டி கழுவினேன். ஆடு வெட்டும் இடங்களில் பரிசோதகர்கள் மனிதருக்கு ஆகாதென்று தள்ளுகின்ற ஈரலும் குடலும் இதயமும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் எங்களிடம் வரும். அடையாளத்துக்கு மேலே நீல மை தெளித்திருப்பார்கள். அவற்றை அரைக்கும் இயந்திரத்துக்குள் வாரித் தள்ள வேண்டும். பிறகு தொட்டியின் அடியில் சளிபோலத் தேங்கிய நீரை அடித்துக் கழுவ வேண்டும். அந்த நாற்றம் எந்தச் சவர்க்காரத்துக்கும் அடங்காது. தலைமயிருக்குள் குடியிருக்கும்.

இதைப் போய்ச் சபையில் சொல்வதா? ‘வாத்தியார்’ என்று மரியாதையாக அழைக்கும் சனத்திடம்? இறைச்சி ஏற்றுமதிக் கொம்பனியில் தரப் பரிசோதகர் வேலை என்று சொல்லிவைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போயிற்று.

ஓகஸ்ட் மாதம் மாதா திருநாள் விருந்துக்கு ஆயத்தம் நடந்தது. எங்கள் தமிழ்க் கத்தோலிக்க சங்கத்தின் தலைவர் செல்வராசா எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வாத்தியார், உங்கட கொம்பனியில இருந்து கொஞ்ச இறைச்சி எடுக்கேலாதோ? பிலோமினா அக்கா ஒரு பிரட்டல் கறி வைப்பா.”

“ஓம், அதுக்கென்ன!” என்றேன்.

கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்... நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடன்பட்டாவது வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வந்த தொட்டியில் இதயங்கள் பார்வைக்குச் சிவப்பாக, திடமாக இருந்தன. இதில் என்ன பழுது, வெள்ளைக்காரன் கொழுப்புப் பிடித்துப்போய் எறிகிறான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். மதியம் வரைக்கும் அந்தத் தொட்டி வெயிலில் நின்றதையும் நான்தான் பார்த்தேன்! இரண்டு பைகளில் நிரப்பி, காரின் பின்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவிக்கு ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டையில் வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாள். வீட்டில் மகள் ஷரோன் மட்டும் இருந்தாள், பத்து வயது. சமையலறை மேசையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மிருகம் செய்துகொண்டிருந்தாள். முட்டைப் பெட்டியில் முதலைத் தலை, பல்லுக்குப் பச்சையரிசி. பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்துச் சிங்கத்தின் பிடரிமயிர். என் சாம்பல்நிறக் காலுறைக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து நீர்யானையின் பின்பக்கம்.

“இதென்ன பிள்ளை, இப்பிடி ஒரு அவலட்சணம்?”

“அம்மித், டடி. ஈஜிப்ட். செத்த ஆளின்ர ஹார்ட்டைத் தராசில வைப்பினம். மற்றப் பக்கம் ஒரு ஃபெதர். ஹார்ட் ஹெவி எண்டா, அம்மித் வில் ஈட் இட்.”

“பிறகு நரகமோ?”

“நோ டடி. நத்திங். அவ்வளவுதான்.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுக்கு முதுகைக் காட்டியபடி கழுவுதொட்டியில் இதயங்களைக் கொட்டினேன். நீல மை பட்ட இடங்களைக் கத்தியால் சீவினேன். சிலவற்றின் உள்ளே அரிசிமணிபோல வெள்ளைக் கட்டிகள் இருந்தன. அவற்றையும் தோண்டி எடுத்தேன். விரல்கள் வழுக்கின. தண்ணீர் நீலமாக ஓடிற்று. வினாகிரியும் மஞ்சளும் போட்டுப் பிசைந்தேன். அதற்குப் பின்னும் ஒரு மணம்... இலேசாக, இனிப்பாக, குமட்டும்படியாக. மூக்கைத் திருப்பிக்கொண்டு பையைக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. பிலோமினா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க்காரி, கணவனை இழந்தவர். தமிழ் வீடுகளின் பிறந்தநாளுக்கும் முதல்நன்மைக்கும் சமைத்துக் கொடுத்துச் சீவித்தார். சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு இருந்தவர். அன்று என்னை எல்லோரும் புகழ்ந்தார்கள். “வாத்தியாற்ர இறைச்சி!” என்று சோற்றுக்கோப்பையை நீட்டி மறுபடி கேட்டு வாங்கினார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தொடவில்லை. மனைவிக்கு அன்றும் வேலை, வரவில்லை.

ஷரோனின் கோப்பையில் சோறும் பருப்பும் மட்டும் போட்டேன். அவள் கறி கேட்டாள். உறைக்கும் என்று சொன்னேன்.

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குத் தெரியாது, நான் நினைக்கவில்லை என்று எத்தனையோ தடவை எனக்குள் வாதாடியிருக்கிறேன். என் பிள்ளையின் கோப்பையில் ஏன் பருப்பு? தெரிந்துதான் செய்தேன்! மற்றவன் பிள்ளைகள் விரலை நக்கியதை நின்று பார்த்தேன்!

அன்று மாலையே தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றோட்டமும். சபையில் மூத்தவரான சூசை அண்ணர் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருவரும் சாகவில்லை. அதற்காக நான் தேவனுக்கு நன்றி சொன்னேன், வெட்கமில்லாமல்.

அடுத்த கிழமை சங்கக் கூட்டம். செல்வராசா எழுந்தார். “இறைச்சி நல்ல இடத்து இறைச்சி. வாத்தியார் பாத்துப் பாத்துக் கொண்டுவந்தது. சமைச்ச இடத்திலதான் ஊத்தை.”

பிலோமினா அக்கா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“நான் மூண்டுதரம் கழுவினனான். இறைச்சியில ஒரு மணம் இருந்தது. தம்பி கொண்டுவந்தது எண்டு நம்பித்தான் அடுப்பில வைச்சனான்...” என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லை அக்கா. ஒரு மணமும் இருக்கேல்ல.”

அவர் வாதாடவில்லை. “அப்ப என்ர மூக்கிலதான் பிழைபோல” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தன் மூக்கைவிட என் வாயை நம்பினார்! அந்த வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறேன்.

அதன்பிறகு ஒருவரும் அவரைச் சமைக்கக் கூப்பிடவில்லை. கடை போடும் கதையும் போயிற்று. நகருக்குத் தெற்கே, தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரித்துப் பொதி செய்யும் வேலைக்குப் போனார். பழுதை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம்.

குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போகாமல் இல்லை. கோபம், சோம்பல், செபத்தில் பராக்கு... எல்லாம் சொன்னேன். இதை மட்டும் விழுங்கிக்கொண்டு போய் நற்கருணைக்கு நாக்கை நீட்டினேன். இப்போது உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் பிலோமினா அக்காவிடம் போய்ச் சொல்லமாட்டீர்கள் என்பதால்தான். என் வீரம் அவ்வளவுதான்.

அந்த மிருகத்துக்கு ஷரோனின் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து ஃப்ரிட்ஜுக்கு மேலே குந்திக்கொண்டது. எனக்கு அதில் பயமில்லை. தராசுக்குப் பக்கத்தில் காத்திருந்து, ஆகாதென்று தள்ளியதை மட்டும் அது தின்னும். நல்லவனின் இதயத்தில் வாய் வைக்காது. அதற்கென்று தள்ளிய பங்கை எடுத்து மஞ்சள் பூசி நல்ல சனத்தின் கோப்பையில் வைத்தவன் நான். எங்கள் இருவரில் எது அவலட்சணம்?

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் பிலோமினா அக்கா வந்தார். வெங்காயச் சாறு அரித்து விரல்நுனிகள் வெடித்திருந்தன. அந்த விரல்களால் சுட்ட பயற்றம் பணியாரத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். திறந்து நீட்டினார். எடுத்துக் கடித்தேன். எனக்கென்ன பயம்? அந்தக் கையில் ஊத்தை இல்லை என்பது எனக்குத் தெரியுமே!

அவருடைய கண் கலங்கியது. “நீங்கள் ஒராள்தான் தம்பி இப்ப என்ர கையால வாங்கித் தின்னிறியள். மற்ற ஆக்கள் வாங்கி வைப்பினம். பிறகு குப்பைக்குள்ள கொட்டுவினம். எனக்குத் தெரியும்.”

ஷரோன் ஓடிவந்து மிருகத்தை இறக்கிக் காட்டினாள். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாகத் தராசு, இறகு, இதயம் எல்லாம் விளக்கினாள். அக்கா ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிசிப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஷரோனின் தலையைத் தடவினார்.

“உன்ர அப்பான்ர இருதயம் இதுக்கு ஒருநாளும் கிடையாது பிள்ளை. பட்டினிதான் கிடக்கும்.”

சொல்லிவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“இன்னுமொண்டு எடுங்கோ தம்பி.”

எடுத்தேன். தின்றேன்.