நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஹெட்போன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக எந்த ஹெட்போன் வந்தாலும் வாங்கிவிடுவேன். வீட்டு அலமாரியில் பதினொன்று கிடக்கின்றன. எதில் தபேலா தெளிவாக விழும், எது ஒரு மணி நேரத்தில் காதைச் சுட வைக்கும், எது கொடுத்த காசுக்குத் தகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் போன வருடம் அக்காவுக்கு ஒன்று தேவைப்பட்டபோது, இருந்த கவலைக்கு நடுவிலும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மலேசியாவில், சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தோம். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது அவள் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு நான் காரை எடுப்பேன். இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், பதினோரு மணிக்குத் திரும்ப வந்து கூட்டிப்போவேன். ஒன்பது மாதம் இப்படியே ஓடியது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சொன்னாள்.

"நாளைக்கு வண்டி எடுக்காத தம்பி. போதும்லா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "என்ன போதும்? ஊசி வலிக்குதா?"

"ஊசி பழகிப் போச்சு. அந்த நாலு மணி நேரம்தான் முடியல. கைய அசைக்கக் கூடாது. மேல டிவியில யாரோ சமைச்சிக்கிட்டே இருக்கான். மிஷினு வேற கத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சுவர எத்தனை நாளைக்குத்தான் பாக்குறது?"

வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. ஒரு தடவை விட்டாலே உடம்பில் நீர் ஏறும், அடியோடு நிறுத்தினால் சில வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் முதலிலேயே எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் அழுதேன். "சரி, ஒரு மாசம் வாரேன். அதுக்கப்புறம் நீ என்னைக் கேக்கக் கூடாது" என்றாள்.

ஒரு மாதம். நான் அலமாரியைத் திறந்தேன்.

முதலில் கொண்டுபோனது என் உயிர் போன்றது. காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன், வெளிச் சத்தத்தை அடியோடு அழிக்கும். வீணை வாசிப்பவரின் விரல் நரம்பில் உரசுவதுகூட அதில் கேட்கும். காரில் போட்டுவிட்டபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்குப் போனால் மிஸ்ஸி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மிஸ்ஸி என்றால் தாதி. நல்லவர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, இது பிளேன்ல போறவங்களுக்குலா. அக்காவுக்கு பிரஷர் எறங்கிருச்சு, மூணு தடவை கூப்பிட்டேன், பாட்டு கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க."

போதாக்குறைக்கு, நாற்காலியில் சாய்ந்தால் அது கொண்டையில் இடித்து முன்னால் தள்ளியதாம். இதையெல்லாம் எந்த விமர்சகன் எழுதினான்?

அடுத்து, காதுக்குள் செருகும் வயரில்லாத சின்னது. அந்தச் சுண்டுவிரல் நுனி அளவுக்குள் அத்தனை கனமான சத்தத்தை எப்படி அடைத்தார்கள் என்று இன்றும் எனக்கு வியப்புதான். ஆனால் இடது கையில் ஊசி ஏறியிருக்கும்போது ஒரே கையால்தான் எல்லாம் செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் ஒன்று நழுவி மிஷினுக்கு அடியில் ஓடிவிட்டது. மிஸ்ஸி முட்டி போட்டு எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு நான் அவர் கண்ணில் படாமல் அக்காவைக் கூட்டி வந்தேன்.

மூன்றாவது, காதின் ஓரத்தில் கவ்விக்கொள்ளும் வகை. துளையை அடைக்காது, வெளிச் சத்தமும் கேட்கும், கனமே தெரியாது. அதன் ஒரே குறை, பாட்டு வெளியே கசியும். அந்தக் குறையைச் சொல்லி நானே நண்பர்களிடம் அதை மட்டம் தட்டியிருக்கிறேன். அன்று காரில் ஏறியதும் அக்கா சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"பக்கத்து நாற்காலி சீன ஆண்டி இருக்காங்கல்ல, சந்தையில மீன் வித்தவங்க. என் பாட்டுக்கு அவங்க காலாட்டிக்கிட்டு இருக்காங்க தம்பி. நான் சத்தத்தக் கொறைச்சா, 'குவாட் சிக்கிட்லா'ங்குறாங்க, கூட்டி வைக்கணுமாம்."

புதன்கிழமை அவள் கூட்டியே வைத்தாள். எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அக்காவின் பழைய போனில் வயர் செருகும் துளை இருந்தது. இரவுச் சந்தைக்குப் போய், ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயரும் நீளமான சாதா இயர்போன் இரண்டும் வாங்கினேன். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. அதைக் கையில் வைத்திருக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் அது என்ன வேலை செய்தது தெரியுமா? அக்காவுக்கு ஊசி இடது கையில். ஆண்டி இடது கைப்பழக்கக்காரர், அவருக்கு ஊசி வலது கையில். இருவருடைய சும்மா இருக்கும் கைகளும் பக்கத்தில் பக்கத்தில். அக்கா நீட்டினால் ஆண்டி வாங்கிக்கொள்வார். ஆளுக்கு ஒரு காதில் பாட்டு, இன்னொரு காது மிஸ்ஸிக்கு. கீழே விழுந்தால் வயரைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டு ஒன்று, கண்டோனீஸ் பாட்டு ஒன்று என்று முறை வைத்துக்கொண்டார்கள். "ஒண்ணும் புரியல, ஆனா அந்தப் பொம்பளைக்கு என்ன குரலுங்குற" என்று அக்கா வீட்டிலும் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் உள்ளே போனபோது ஆண்டியின் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு இயர்போன் அதன் கைப்பிடியில் தொங்கியது. அக்கா தன்னுடையதையும் காதில் வைக்கவில்லை. போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சந்தை மலாயில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"'சுக்குப்லா'ங்குறாங்க தம்பி. போதுமாம். இனிமே வரமாட்டாங்களாம். இது என்ன பேச்சு, நீயே சொல்லு. வெறும் நாலு மணி நேரம். அதுகூட உக்கார முடியாதா?"

நான் தொங்கிய இயர்போனை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

அவள் மறுபடி போனுக்குத் திரும்பினாள். "உங்க பாட்ட பாதியில நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க வந்தாதான் மீதியப் போடுவேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஆண்டி வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி ஏறியதும், திரும்பிப் பார்க்காமலே இடது கையை மட்டும் நீட்டினார். அக்கா இயர்போனை அதில் வைத்தாள். பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது.

என் அலமாரியில் இப்போதும் பதினொன்று இருக்கின்றன. எது சிறந்தது என்று யாராவது கேட்டால் பதினெட்டு வெள்ளியைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.

அக்கா கொடுத்த ஒரு மாதம் அந்தப் புதன்கிழமையோடு முடிந்தது. வியாழன் முழுக்க நான் அதைப் பற்றிப் பேசவே பயந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் சுற்றிய வயர் இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? சீக்கிரம் எடு. ஆண்டி காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.